கந்தகனுக்கு ஒரு அக்கா

"என் தம்பியைக் கொன்னுடுங்க" என்றாள் சந்தனமாரி.

சிவகாசியில் பஸ் ஏறியதிலிருந்து இதை மட்டும் கேட்டுவிடாதே என்றுதான் அவள் அம்மா சண்முகத்தாய் ஓதிக்கொண்டே வந்தாள். விருதுநகரில் ஒரு தடவை, மதுரையில் டீக்கு நிறுத்தியபோது ஒரு தடவை, தாம்பரத்தில் இறங்குவதற்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை. காமிக்ஸ் விழா முடிகிறவரைக்கும் வாயைத் தைத்துக்கொண்டு இரு, அவர்கள் கோபித்துக்கொண்டு என் பிள்ளையை நிறுத்திவிட்டால் அரளி விதையை அரைத்துக் குடித்துவிடுவேன் என்றாள். அப்பா தவசிக்கனி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி கிடந்தார். வீட்டில் எந்தச் சண்டை நடந்தாலும் அவர் தூக்கத்துக்குள் போய் ஒளிந்துகொள்வார்.

இப்போது அம்மாவையும் அப்பாவையும் படம் எடுக்கக் கூட்டிப் போயிருந்தார்கள். விருந்தினர் அறையில் மாரியும் ஸ்ரீவத்சனும்தான் இருந்தார்கள். அவர் நீலமை காமிக்ஸின் ஆசிரியர். டீயில் நனைத்த பிஸ்கட் ஒடிந்து உள்ளே விழுந்துவிட்டது. ஸ்பூனை விட்டுத் துழாவி, அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது.

"உக்காருங்க மேடம். டிபன் ஆச்சா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அவர் செத்து நாலு வருஷம் ஆச்சே" என்றார் ஸ்ரீவத்சன்.

ஆமாம், செத்து நான்கு வருடம் ஆகிறது. கற்குவேல் என்று பெயர், வீட்டில் வேலு. பதினாறு வயதில் எலும்பில் புற்று. அப்பா அச்சாபீசில் பைண்டிங் வேலை பார்த்தவர். வண்ணம் விலகி வீணாய்ப்போன காமிக்ஸ் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்தத் தாள்களில்தான் வேலு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினான். உதட்டுக்கு வெளியே சிவப்பு வழிகிற ஹீரோக்கள், ஒவ்வொருவனுக்கும் இரண்டு மூக்கு. ஒழுங்காக அச்சான காமிக்ஸை முதன்முதலில் பார்த்தபோது, இதில் ஏதோ குறைகிறதே என்று கேட்டவன்.

மதுரை ஆஸ்பத்திரியில் அவன் கிடந்த கடைசி வாரங்களில் நீலமை ஆட்கள் வந்தார்கள். தலையில் கவிழ்க்கிற ஒரு மிஷின். அவனுக்குத் தெரிந்தது, அவன் பயப்படுவது, அடிபட்டால் கத்துவது, ஆத்திரம் வந்தால் கடிப்பது எல்லாவற்றையும் படியெடுத்து ஒரு தகட்டில் வைத்துக்கொள்வார்களாம். உயிர்ப்படி என்று அதற்குப் பெயர். "ஜெராக்ஸ் மாதிரிம்மா" என்று சண்முகத்தாய்க்கு விளக்கினார்கள். அந்தப் படிதான் இனிமேல் கந்தகன் என்கிற ஹீரோ. கதை எழுதுகிறவர்கள் ஊரைக் கொளுத்துவார்கள், பாலத்தை உடைப்பார்கள். அதற்குள் அகப்பட்டுக்கொண்டு கந்தகன் என்ன செய்கிறான் என்பதை அந்தப் படியே முடிவு செய்யும். வாசகர்கள் அதை நேரலையாகப் பார்ப்பார்கள். பிறகு அது படக்கதையாக அச்சேறும். மற்ற காமிக்ஸில் கண்ணீரை வரைய வேண்டும். இதில் கண்ணீர் தானாக வந்தது. விற்காமல் என்ன செய்யும்.

வேலுவும் துள்ளிக்கொண்டுதான் சம்மதம் சொன்னான். துள்ள இடுப்பு இல்லை, அதனால் சிரித்தான். "யக்கா, எலும்பே இல்லாத மொத ஹீரோ நாந்தான்" என்றான்.

"வலிக்காதுன்னு சொன்னீங்க" என்றாள் மாரி இப்போது. "நடிகர் மாதிரிதான், வலிக்கிற மாதிரி இருக்கும், வலிக்காதுன்னு எங்கம்மா தலையில அடிக்காத குறையாச் சத்தியம் பண்ணீங்க. நான் காலேஜ்ல இதைத்தான் படிச்சேன். வலியை நடிக்கத் தெரிஞ்ச படியை இன்னும் எவனும் செய்யலை. அது வலிச்சாத்தான் கத்தும்."

அவர்கள் தெருவில் கல்லூரிக் கதவைப் படிக்கிறவளாகத் தாண்டிப் போன முதல் ஆள் அவள்தான். கடைசி வருடத்தில் இதை எழுதிக்கொண்டுபோய்க் காட்டியபோது பேராசிரியர், ஆய்வில் இருக்கட்டும், வெளியே போய்ச் சொல்லிக்கொண்டு திரியாதே என்றார். படித்ததில் அவளுக்குக் கிடைத்த லாபம் இதுதான். ஊரே வேலுவை ஹீரோ என்று கொண்டாடும்போது அவளுக்கு மட்டும் அவன் எரிகிற வாடை வந்தது.

ஸ்ரீவத்சன் மறுக்கவில்லை. வலிக்கும்தான் என்றார். அன்றைக்கு அப்படிச் சொன்னது அம்மாவின் மனசுக்காக. "ஆனா கொல்றது என் கையில இல்லைங்க மேடம். வாசகர் கையில இருக்கு. ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுல ஓட்டு வைக்கிறோம், கந்தகனுக்கு அடுத்து என்ன ஆகணும்னு. அதுல நிம்மதின்னு ஒண்ணு எப்பவும் இருக்கும். அது ஜெயிச்சா அவர் ஒரு வீட்ல போய்ப் படுத்துத் தூங்கிடுவார். தகட்டை மேடையிலேயே வச்சு உடைச்சிடுவோம்."

"உடைச்சுட்டு இன்னொரு படியை எடுத்து வச்சுக்குவீங்க."

முதல்முறையாக அவர் முகம் சுருங்கியது. திருட்டுப் பட்டம் கட்டிய மாதிரி.

"அதை மட்டும் சொல்லாதீங்க. மத்த கம்பெனியில ஹீரோ சாவான், ஊரே அழும், ரெண்டு இதழ் தள்ளி இரட்டைப் பிறவின்னு வந்து நிப்பான். அந்த ஏமாத்து வேலையில வெறுத்துப்போய் வந்தவங்கதான் எங்க வாசகர்கள். நீலமையில செத்தவன் திரும்ப மாட்டான். வாசகன் கண்ணால பார்த்தது பார்த்ததுதான், பின்னாடி போய் அழிக்க மாட்டோம். ஆழிமகள்னு ஒருத்தி இருந்தா, கந்தகனைவிடப் பெரிய பேரு. கடல்ல நாங்க நினைக்காத ஒரு பாறையில மோதிச் செத்துட்டா. எங்க முதலாளி அழுதுகிட்டேதான் தகட்டை உடைச்சார். உடைக்காம இருந்திருந்தா மறுநாள் எங்க ஆபீசைக் கொளுத்தியிருப்பாங்க."

அதற்குள் ஒரு பெண் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து, சந்திப்புக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டாள்.

அரங்கத்தின் நடுவே போக வேண்டியிருந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் மாதிரி இருந்தது, வேஷம் மட்டும்தான் வேறு. முகமெல்லாம் மஞ்சள் பொடி பூசிக்கொண்டு, கழுத்தில் தீக்காயம் வரைந்துகொண்டு, நூற்றுக்கணக்கில் கந்தகன்கள். போன இதழில் கந்தகனின் முதுகுத் தோல் உரிந்ததால் இந்த வருடம் சட்டைக்குப் பின்னால் சிவப்பு ரப்பர் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு குடும்பம் கைக்குழந்தைக்குக்கூடத் தொங்கவிட்டிருந்தது. அரங்க வாசலில் நின்ற கட்அவுட்டுக்கு மஞ்சள் கலந்த பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் தாயே தாயே என்று காலில் விழுந்தார்கள். சண்முகத்தாய் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து, நல்லா இரு என்றாள். ஊரில் வெடி ஆலையில் மருந்து கெட்டிக்கிற பொம்பளை அவள். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் அவள் கையை யாரும் மோந்து பார்த்துவிட்டு முகம் சுளிப்பதில்லை. அப்பா கந்தகன் பனியனைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். தொந்தியில் மகன் முகம் கோணியிருந்தது.

மேடையில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே போனால் மதுரை ஆஸ்பத்திரி வார்டு. அதே பச்சைத் திரை, அதே துருப்பிடித்த கட்டில். கட்டிலில் வேலு. வெளியே இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் அவன் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். அவன் இன்னும் ஆஸ்பத்திரியில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான், கந்தகனாக இருக்கிற நேரம் அவனுக்குக் கனவு. குடும்பம் வருவது பார்வை நேரம். நீ செத்துவிட்டாய் என்று சொல்லக் கூடாது, கதையைப் பற்றிப் பேசக் கூடாது. இந்த இரண்டும்தான் உள்ளே போவதற்கு நிபந்தனை, மீறினால் அந்த நொடியே அவனுக்குச் சத்தம் போகாமல் அடைத்துவிடுவார்கள்.

"யம்மா, இட்லி கொண்டாந்தியா" என்றான் வேலு.

கொண்டுவந்திருக்கிறேன் எய்யா, நர்சம்மாவிடம் கொடுத்திருக்கிறேன் என்றாள் அம்மா. வருடா வருடம் சொல்வதுதான். மாரியிடம், காலேஜில் சேர்ந்துவிட்டாயா, ஹாஸ்டலில் முட்டை போடுகிறார்களா என்று கேட்டான். அவள் படித்து முடித்தாயிற்று. அவனுக்கு அது இன்னும் நடக்கவில்லை. போடுகிறார்கள் என்றாள்.

பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யக்கா, டாக்டர்ட்ட ஒண்ணு சொல்றியா. தூக்க ஊசி போட வேண்டாம்னு சொல்லு. தூங்குனாத்தான் வருது. தோலு உரிஞ்சு தொங்குது, நானே அதைப் புடிச்சுக்கிட்டு ஓடுதேன். முழிச்சே கெடக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ படிச்ச புள்ள, சொன்னாக் கேப்பாங்க."

மாரி வாயைத் திறப்பதற்குள் அம்மா அவன் நெற்றியைத் தடவினாள். வெறும் வெளிச்ச உருவத்துக்குள் கை ஊடுருவிப் போகாமல் இருக்க அவள் கையில் ஏதோ உறை மாட்டிவிட்டிருந்தார்கள்.

"மருந்துச் சூடுய்யா அது. தூங்குனாத்தான ஒடம்பு தேறும். கண்ணை மூடு, எஞ் சாமில்ல."

விளக்கு மங்கியது. அவன் வேண்டாம் வேண்டாம் என்றுகொண்டே கண் செருகினான். கண்ணாடிக்கு வெளியே ஆயிரம் பேர் மூக்கைச் சிந்துவது கேட்டது. அப்புறம் கைதட்டல்.

மேடையின் பெரிய திரையில் ஓட்டு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. உயிரோடு புதைபடுவான். கண்கள் போகும். நிம்மதி. மூன்றுக்கும் மூன்று நிறம். நிம்மதி வெள்ளை. ஆரம்பத்தில் வெள்ளைதான் முன்னால் போனது. மேடை ஓரத்தில் நின்ற மாரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜெயித்துவிடும் போலிருந்தது. கூட்டத்தில் பலர் வெள்ளை வெள்ளை என்று கத்தினார்கள், அழுத கண்ணோடு. இவர்களையா இத்தனை வருடம் திட்டினோம் என்று அவளுக்கு ஒரு நொடி கூச்சமாகக்கூட இருந்தது. கடைசியில், எங்கிருந்தோ மொத்தமாகக் கொட்டியது போல, கறுப்பு எழும்பித் தாண்டிப் போய்விட்டது. உயிரோடு புதைபடுவான்.

"போன வருஷமும் இப்படித்தான்" என்றார் பக்கத்தில் வந்து நின்ற ஸ்ரீவத்சன். "நீங்க எங்களை ராட்சசங்கன்னு நினைக்கிறீங்க. வாசகர்களுக்கு இரக்கம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு மேடம். எந்த ஊர்ல இருந்து ஓட்டு வருதுன்னு எங்களுக்குத் தெரியும். பாக்கிறீங்களா?"

கையில் இருந்த பலகைத் திரையைத் திருப்பிக் காட்டினார். தமிழ்நாடு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். தெற்கே ஒரே ஒரு இடத்தில் அப்பிய மாதிரி கறுப்பு. விரலால் விரித்துக் காட்டினார். சிவகாசி. இன்னும் விரித்தார். அவர்கள் தெரு, அடுத்த தெரு, அம்மன் கோயில் தெரு.

மாரி அம்மாவைத் தேடிப் போனாள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சண்முகத்தாய் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார்.

"நீயா?" என்றாள் மாரி.

அம்மா புரியாத மாதிரியெல்லாம் நடிக்கவில்லை. ஒரு வாய் சாதத்தை விழுங்கிவிட்டு, ஆமாம் என்றாள். ஊரிலுள்ள மகளிர் குழுக் கூட்டங்களையெல்லாம் இந்த நாளில்தான் வைக்கச் சொல்வாளாம். எல்லாரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இவள் இங்கிருந்து போனில் எதை அமுக்க என்று சொல்ல, அங்கே குழுத் தலைவிகள் எல்லார் போனையும் வாங்கி அமுக்குவார்களாம். புருஷன் போன், பிள்ளைகள் போன், செத்துப்போன மாமனார் பேரில் இருக்கிற போன்.

காசுக்காகச் செய்தாள் என்றால்கூட மாரி ஒருவேளை மன்னித்திருப்பாள்.

"மண்ணுக்குள்ள உசுரோட புதைக்கவா அமுக்கச் சொன்ன?"

"கண்ணு போறதுக்கு மண்ணு தேவலைன்னு அமுக்கச் சொன்னேன்" என்றாள் அம்மா. "மண்ணுன்னா தோண்டி எடுத்துரலாம். கண்ணு போனா வருமா? ஒவ்வொரு வருசமும் இருக்கிறதுல எது குறைச்சல்னு பாத்துத்தாண்டி போடுதேன். நான் பாக்காம வேற எவ பாப்பா."

"நிம்மதின்னு ஒண்ணு இருக்குல்லம்மா."

"அது அவனுக்கு நிம்மதியா? உனக்கு நிம்மதி. இந்தா, இட்லி கொண்டாந்தியான்னு இப்ப கேட்டான்ல, அது போயிரும்ல. வலிச்சா என்னட்டி. உன்னைப் பெத்தப்ப எனக்கும்தான் ரெண்டு நாள் வலிச்சுது. இவளைக் கொன்னுருங்கன்னு எங்கம்மா போயி டாக்டர்ட்டக் கேட்டாளா? ரெண்டெழுத்துப் படிச்சதும் பெத்த வயித்துக்கே கணக்குச் சொல்லிக்குடுக்க வந்துட்ட."

அப்பா தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் நிம்மதிக்குத்தான் தாயி போட்டேன். ரெண்டு வருசமா."

சண்முகத்தாய் சாதம் ஒட்டிய கையாலேயே அவர் கன்னத்தில் அறைந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பிய மஞ்சள் முகங்கள் என்ன ஏது என்று தெரியாமல் போனைத் தூக்கிப் படம் பிடித்தன. தவசிக்கனி கன்னத்துப் பருக்கையைத் துடைத்தார். தூங்குவதற்கு அங்கே ஜன்னல் கம்பி எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்ரீவத்சன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சண்டையைப் பார்த்தாரா என்றால், முழுதாகப் பார்த்திருந்தார். பார்த்ததில் அவருக்கு முகம் மலர்ந்திருந்தது.

வாசகர்கள் ஒரு வருடமாகக் கேட்கிறார்களாம், கந்தகனுக்கு என்று யாருமே இல்லையா என்று. காதலி வேண்டாமாம், அது எல்லாக் காமிக்ஸிலும் இருக்கிறது. அக்கா. இப்போது அவனைப் புதைக்கப் போகிறார்கள். தோண்டி எடுக்க ஒரு ஆள் வேண்டும். புது மிஷினில் உயிரோடு இருப்பவர்களையும் படியெடுக்கலாம், ஒரு டீ ஆறுகிற நேரம்தான், உடம்புக்கு ஒன்றும் ஆகாது. "காலையில என்கிட்ட வந்து கேட்டீங்களே ஒரு கேள்வி, அப்பவே நினைச்சேன். உங்க கோவம் அருமையான கோவம் மேடம். எழுதி வராது அது."

"நீ போடி உள்ள" என்றாள் அம்மா. அறைந்த கையில் ஒட்டிய சாதம் உலரவில்லை, அதற்குள் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "தனியாக் கெடக்கான் புள்ள. துணைக்குப் போ. நீ இங்கதான இருக்கப்போற, உனக்கு என்ன நட்டம்?"

"அப்ப உள்ள போறது நானில்லையா?"

"நீ எப்படி ஆவ? நீதான் என் முன்னாடி நிக்கியே."

"அப்ப உள்ள கிடக்கிறதும் வேலு இல்லைதான?"

சண்முகத்தாய் தயிர்சாதப் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

"அது வேற" என்றாள் பிறகு. "அவன் வெளிய இல்லைல."

எந்தக் கல்லூரியிலும் இதற்குப் பதில் சொல்லித் தருவதில்லை. அவள் ஸ்ரீவத்சன் பக்கம் திரும்பினாள். உள்ளே போகிற படி தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யலாமா, நீங்கள் நடுவில் கையைப் பிடிப்பீர்களா என்று கேட்டாள். பிடிக்க மாட்டோம், பிடித்தால் வாசகன் கண்டுபிடித்துவிடுவான், உண்மைதானே எங்கள் சரக்கு என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியுமா, இன்றைக்குப் பேசியது, கேட்டது உட்பட. மிஷினுக்குள் தலையைக் கொடுக்கிற நிமிடம் வரைக்கும் தெரியும், மறைக்கிற வசதி இன்னும் வரவில்லை, வேலு சார் தகடு பழசு, புதிதாக எதுவும் அதில் ரொம்ப நாள் நிற்காது, அதனால்தான் அவரை ஆஸ்பத்திரியில் வைத்து ஏமாற்ற முடிகிறது என்றார். உங்களுக்குக் கதை தெரிந்திருந்தால் என்ன, தம்பி கத்தினால் தோண்டாமல் இருப்பீர்களா என்று சிரித்தார்.

"எடுத்துக்கோங்க" என்றாள் மாரி.

அம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எங்க குலசாமியே நீதான் என்றாள். மாரிக்கு நினைவு தெரிந்து அம்மா அவளுக்கு நெட்டி முறித்தது அதுதான் முதல் தடவை. பாஸான அன்றைக்குக்கூட முறிக்கவில்லை. அப்பா மட்டும் மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பாட்டில் மூடியைத் திருகத் தொடங்கினார்.

சம்மதத்தைக் கேமரா முன்னால் வாயால் சொன்னால் போதுமாயிருந்தது. சொன்னாள். அரங்கத்தின் பின்பக்கம் ஒரு சின்ன வெள்ளை அறை. ஒரு நாற்காலி, ஒரு கதவு. மிஷினை மாட்டிவிட்ட பெண் அவள் வயசுதான் இருப்பாள், காதில் கந்தகன் தோடு போட்டிருந்தாள். முடிந்ததும் விளக்கு அணையும், எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வாருங்கள், அவ்வளவுதான் என்றாள்.

"படிக்கு?"

"படிக்கும் கடைசியா ஞாபகம் இருக்கிறது இந்த ரூம்தான அக்கா. அதுவும் இதே மாதிரி எந்திரிச்சு, இதே கதவைத்தான் திறக்கும்."

"அப்ப எந்திரிக்கிறப்ப நான் எதுன்னு எனக்கே தெரியாதா?"

"கதவைத் திறந்தாத் தெரியும்" என்றாள் அந்தப் பெண், சுருட்டை ஒயரைப் பிரித்துக்கொண்டே.

மிஷின் கொசு மாதிரி ரீங்கரித்தது. மாரி கண்ணை மூடிக்கொண்டாள். இந்தக் கதவை இரண்டு பேர் திறக்கப்போகிறார்கள். ஒருத்திக்கு வெளியே தயிர்சாதம் இருக்கும். இன்னொருத்திக்கு என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். திறந்த பிறகு, ஐயோ நானா என்று அவள் உட்கார்ந்து அழுதுவிடக் கூடாது. தள்ளிவிட்டவள் வெளியே நின்று தப்பித்துக்கொண்டாள் என்று ஆத்திரப்பட்டு மனசு மாறிவிடவும் கூடாது. ஆகவே உள்ளே போகிறவளுக்குச் சொல்ல வேண்டியதை இப்போதே, அழுத்தி, ஒருமுறைக்கு இருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். எவள் திறந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். சொல்லி முடித்ததும் மனசு ஆட்டுக்கல்லைப் போல அசையாமல் உட்கார்ந்துவிட்டது.

விளக்கு அணைந்தது.

கழுத்து வலித்தது. மிஷினைக் கழற்றிவைத்துவிட்டு எழுந்து, ஒயர் பிரித்த பெண்ணைக் காணோமே என்று பார்த்துக்கொண்டே மாரி கதவைத் திறந்தாள்.

நாற்காலிகள் இல்லை. அம்மா இல்லை. கூட்டத்தின் இரைச்சலும் இல்லை. கண்ணுக்கு எட்டினவரை வெடித்த கரிசல், அதன்மேல் மஞ்சளாய்ப் படிந்த தூசி. கந்தக வாடை நெஞ்சில் ஏறியது, அம்மா வேலை முடிந்து வரும்போது சேலையில் வருகிற வாடை. முன்னால் புதுமண் குவித்த மேடு. மேட்டில் ஒரு மண்வெட்டியைக்கூடச் சாத்திவைத்திருந்தார்கள், மறக்காமல்.

ஓ, நான்தான் அவளா என்று நினைத்தாள்.

முழங்கைக்குக் கீழே கிள்ளிப் பார்த்தாள். வலித்தது. ஆய்வில் எழுதியது சரிதான். வெளியே இருக்கிறவளை நினைத்து ஒரு கணம் வயிறு எரிந்தது. அவள் இந்நேரம் கதவைத் திறந்து அம்மாவைப் பார்த்திருப்பாள், இனி எல்லாவற்றையும் திரையில்தான் பார்ப்பாள். அந்த எரிச்சலும் வரும் என்று தெரிந்துதானே சொல்லி அனுப்பியிருந்தாள். வந்தது, நின்றது, போய்விட்டது.

மண்ணுக்கடியிலிருந்து சத்தம் வந்தது. முதலில் வெறும் தட்டல். பலகையில் உள்ளங்கை அடிக்கிற மாதிரி. அப்புறம், "யம்மா." அப்புறம், "யக்கா. யக்கோவ். ஊசி வேண்டாம்னு சொன்னேன்ல."

இந்த நிமிடம் ஆயிரக்கணக்கான பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கந்தகனுக்கு ஒரு அக்கா வந்துவிட்டாள். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, தோண்டுட்டி தோண்டுட்டி என்பாள். தோண்டினால் அவன் வெளியே வருவான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அடுத்த வருடம் கண் போகும். அதற்கடுத்த வருடத்துக்கு அவர்கள் எதையாவது யோசித்து வைத்திருப்பார்கள்.

தோண்டாவிட்டால் கொஞ்ச நேரம். அதுவும் வலிக்கும். அது எவ்வளவு என்று அவளால் அளக்க முடியும், அளக்கவில்லை. அதற்குப் பிறகு மேடையில் தகட்டை உடைப்பார்கள், பேச்சு மாற மாட்டார்கள். அப்புறம் ஊர் முழுக்க ஓட்டுப் போட்டு வதைப்பதற்கு அவள் ஒருத்திதான் மிச்சம் இருப்பாள், தம்பியைக் கொன்ற அக்கா. மகளிர் குழுவைக் கூட்டி உட்கார வைத்து, இருப்பதிலேயே எது அதிகம் என்று பார்த்துப் பார்த்து அம்மா அமுக்கச் சொல்வாள். வெள்ளையை மட்டும் யாரையும் அமுக்க விட மாட்டாள்.

"யக்கா, நீ இருக்கியா அங்க?"

இருக்கிறேன் என்றால் போதும், மூச்சைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். ரொம்ப நேரம் காத்திருப்பான், அவள் சொன்னால் கேட்கிற பிள்ளை.

மாரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், காலடி கீழே கேட்டுவிடக் கூடாது. மண்வெட்டியில் பாவாடை தட்டாமல் மேட்டைச் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.